ஆட்டவிதியும் அவலச்சுவையும்

நாடகத்தையும் திரைப்படத்தையும் திறனாய்வுக்குரிய பொருள்களாக ஏற்றுக்கொண்ட அறிஞர் பலர், கணினி விளையாட்டை அவ்வரிசையில் வைக்க இன்னும் தயங்குகின்றனர். அத்தயக்கம் முற்றும் காரணமற்றது என்று யாம் கூறோம். ஆயினும், மாணவர்க்கென நடத்தப்பெறும் போட்டிகளில் தோன்றிய விளையாட்டுகள் சில, போரையும் பசியையும் தம் பொருளாகக் கொண்டுள்ளன. பிறர் துன்பத்தை ஆடுபொருளாக்குதல் தகுமா, தகுமாயின் அத்துன்பத்தின் பொருள் விளையாட்டின் எவ்வுறுப்பில் தங்குகின்றது என்பன திறனாய்வாளர் ஒதுக்கிவிடக்கூடிய வினாக்கள் அல்ல.

சூடான் நாட்டின் மேற்குப் பகுதியாகிய தார்பூரில் 2003ஆம் ஆண்டு போர் மூண்டது. அரசின் துணை பெற்ற ஜன்ஜவீத் என்னும் ஆயுதக் குழுவினர் ஊர்களை எரித்தனர். 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வீடிழந்தனர். இக்கொடுமையை உணர்த்தும் விளையாட்டொன்றை இயற்றித் தருமாறு அமெரிக்கக் கல்லூரி மாணவர்க்குரிய எம்டிவியு தொலைக்காட்சி ஒரு போட்டியை அறிவித்தது. ரீபாக் நிறுவனத்தின் மனித உரிமை அறக்கட்டளை அதற்குத் துணைநின்றது. உயிர் தப்ப ஓடுவாரைப் பற்றிய படைப்புக்குக் காலணி நிறுவனம் ஒன்று புரவலராய் அமைந்ததை எண்ணாமல் மேற்செல்ல இயலவில்லை. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பயின்ற சுசானா ரூயிசும் அவர்தம் தோழரும் இயற்றிய ‘தார்பூர் மடிகின்றது’ என்னும் விளையாட்டு அப்போட்டியில் வென்று, 2006 ஏப்ரல் இறுதியில் இணையத்தில் வெளியாயிற்று.

அதன் முதற்பகுதி தண்ணீர் கொணர்தல். அகதி முகாமில் வாழும் குடும்பத்தினர் 8 பேர் பெயரும் வயதும் கொண்டு திரையில் நிற்பர். அவருள் ஒருவரை ஆடுவோர் தெரிந்தெடுத்துக் கிணற்றை நோக்கி ஓடச் செய்தல் வேண்டும். வண்டியேறி வரும் ஜன்ஜவீத் கண்ணிற் படாமல் புதரிலும் பாறையிலும் மறைதல் வேண்டும். தந்தையைத் தெரிந்தெடுக்க முயன்றால் விளையாட்டு இசைவதில்லை. ஆடவர் வெளிச்செல்லின் கொல்லப்படுவர் என்பதே காரணம். எனவே சிறுமியை அனுப்ப நேர்கின்றது. அவளுக்கு நேரக்கூடியது என்ன என்பதை ஆடுவோர் அறிந்தே அனுப்புகின்றனர்.

இவ்வொரு விதியே இப்படைப்பின் உயிர்நிலை என்பது எம் கருத்து. தார்பூர்ப் பெண்டிரின் நிலையை ஒரு கட்டுரை நூறு சொற்களில் விளக்கலாம். இங்கே ஒரு மறுப்பு அதனைச் செய்துவிடுகின்றது. வன்மையுடையவன் இருக்க மெலியவள் ஏன் செல்கின்றாள் என்று கேட்கும் வெளியுலகத்தார்க்கு அம்மறுப்பே விடை. மேலும், பொதுவான விளையாட்டுகளில் ஆடுவோர்க்கு மூன்று ‘உயிர்’ தரும் வழக்கம் உண்டு; ஒன்று போனால் மற்றொன்று. இங்கே அவ்வுயிர்களுக்குப் பெயர் உண்டு, வயது உண்டு, தாய் உண்டு. பழைய வழக்கை எடுத்து அதன்மேல் புதிய பொருளை ஏற்றிய திறம் பாராட்டற்குரியது.

குறையும் ஈண்டே தொடங்குகின்றது. அஞ்சியவனைக் காண்பவனுக்கு நகையோ இரக்கமோ பிறக்குமன்றி அச்சம் பிறவாது என்பது தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் பழைய உரையிற் காணப்படும் கொள்கை. கணினி விளையாட்டில் காண்பவனே ஓடுபவனும் ஆகின்றான். ஆதலின் அச்சம் பிறத்தல் கூடும், பிறக்கவும் செய்கின்றது. ஆனால் எதற்கு அஞ்சுகின்றான்? முதன்முறை ஆடும்போது சிறுமிக்காக அஞ்சுகின்றான். ஐந்தாம் முறையில் புதர்கள் எங்குள்ளன, எப்போது மறைய வேண்டும் என்பன கைவந்துவிடுகின்றன. தோற்றுவிடுவோமோ என்பதே அப்போதைய அச்சம். கல்வியும் தறுகண்மையும் பெருமிதத்தின் நிலைக்களன்களாக எண்ணப்பட்டுள்ளன. பயிற்சி முதிர முதிர, அவலத்தில் தொடங்கிய ஆட்டம் அத்தகைய பெருமிதத்தில் முடிகின்றது. தோற்றாலும் மறுபடி தொடங்கின் 8 பேரும் உயிருடன் நிற்பர். இக்குறை இம்மாணவரால் நேர்ந்ததன்று. ஆட்டம் என்னும் வடிவோடு பிறந்தது. அதனை உணர்ந்து தடுக்க அவர்கள் முயன்றதற்கு மட்டும் சான்று கிடைக்கவில்லை.

இரண்டாம் பகுதியாகிய முகாம் நடத்துதல் மிகத் தளர்ந்தது. கொணர்ந்த நீரால் பயிர் வளர்த்து, குடிசை அமைத்து, 7 நாள் நிலைபெற வேண்டும்; எந்த நாட்டு முகாமுக்கும் இது பொருந்தும். அமெரிக்கக் குடியரசுத் தலைவர்க்கு மடல் எழுதுக என்பது போன்ற வேண்டுகோள்கள் விளையாட்டில் இடம்பெற்றன. அவை நன்னோக்குடையனவே. எனினும் விதி பேசாததைத் துண்டறிக்கை பேச வந்தது போல் அவை ஒட்டாமல் நின்றன.

கார்னகி மெலன் பல்கலைக்கழக மாணவர் முயற்சியாகத் தொடங்கி 2007இல் வெளிவந்த ‘பீஸ்மேக்கர்’ இவ்வகையில் மாறுபட்டது. ஆடுவோர் இஸ்ரேலியத் தலைமை அமைச்சராகவோ பாலஸ்தீனத் தலைவராகவோ அமர்ந்து முடிவெடுப்பர். ஒரு சாராரை மகிழ்விக்கும் செயல் மறுசாராரைச் சினமுறச் செய்யும். இருசாரார் மதிப்பும் ஒருங்கே உயர்ந்தாலன்றி வெற்றியில்லை. இங்குத் தனி அறிவுரை வேண்டப்படவில்லை, விதியே வாதமாகின்றது. தலைவர் இருவரின் நிதானத்தால் அமைதி கைகூடும் என்னும் அவ்வாதத்தை யாம் ஏற்கவில்லை. ஆனால் ஆடிப்பார்த்தே அதனை மறுக்க முடிகின்றது. முன்னைய விளையாட்டின் வேண்டுகோள்களை அவ்வாறு மறுக்கவும் வழியில்லை.

ஆதலின் இத்தகைய போட்டிகளில் நடுவராய் அமர்வோர் முதலில் செய்யத்தக்கது ஒன்றுண்டு. திரையில் உள்ள அறிவிப்புச் சொற்களை எல்லாம் நீக்கிவிட்டு, எஞ்சிய ஆட்டம் அப்பொருளைப் பற்றி ஏதேனும் கூறுகின்றதா என்று பார்த்தல் வேண்டும். தலைப்பின் உயர்வு கண்டே பரிசளித்தல், கடவுள் வாழ்த்துப் பாடியமைக்காகவே ஒருவனைக் கவிஞன் என்பதனோடு ஒக்கும்.

இன்னொன்று. ‘தார்பூர் மடிகின்றது’ ஃபிளாஷ் என்னும் மென்பொருளைச் சார்ந்து அமைந்தது. 2020 இறுதியில் அம்மென்பொருளுக்குரிய ஆதரவு நிறுத்தப்பட்டமையால், அது முன்போல் உலாவியில் இயங்குவதில்லை. செயிற்றியம் என்னும் நாடக நூலை உரையாசிரியர் மேற்கோள்களாலேயே நாம் அறிகின்றோம். இருபது ஆண்டே ஆன இவ்விளையாட்டும் அந்நிலையை நெருங்கிவிட்டது. பரிசளிக்கும் நிறுவனங்கள் வென்ற படைப்பின் நிரலையும், அது ஆடப்பட்ட முறையைக் காட்டும் பதிவுகளையும் நூலகங்களில் வைப்பது நன்று. 2023 ஏப்ரலில் சூடானில் மீண்டும் போர் மூண்டு, ஜன்ஜவீத் வழிவந்த விரைவு ஆதரவுப் படையினரால் தார்பூர் மக்கள் மறுபடியும் ஊர்விட்டு ஓடினர். அதனைப் பொருளாகக் கொண்டு எழுதப் புகும் மாணவர்க்கு, தந்தையைத் தெரிந்தெடுக்க விடாத அவ்விதியைக் கண்ணாற் காணும் வாய்ப்பேனும் இருத்தல் வேண்டும்.