உணர்ச்சி தங்கும் இடம்: வானம்பாடி மரபில் மு. மேத்தாவும் சிற்பியும்

1971-இல் கோவையிலிருந்து விலையில்லாக் கவிமடலாக ‘வானம்பாடி’ வெளிவரத் தொடங்கியபோது, தமிழ்ப் புதுக்கவிதைக்கு ஏற்கெனவே ஒரு பள்ளி இருந்தது. சி. சு. செல்லப்பா 1959-இல் தொடங்கிய ‘எழுத்து’, ந. பிச்சமூர்த்தியை முன்னோடியாகக் கொண்டு வளர்த்த பள்ளி அது. கவிதை தனிமையில் படிக்க வேண்டியது, உணர்ச்சியை அடக்கிச் சொல்வதே அதற்கு அழகு என்பது அவர்கள் துணிபு. ஞானி, புவியரசு, சிற்பி, சக்திக்கனல், கங்கை கொண்டான் முதலிய கோவைக் கவிஞர்களோ சினத்தையும் கண்ணீரையும் மறைக்காமல் மக்கள் நடுவே பாட வந்தார்கள். அன்று அவர்கள்மேல் விழுந்த பழி இன்றும் நீங்கவில்லை: உணர்ச்சி மிகை, முழக்கம் மிகை. இந்தப் பழி உணர்ச்சியின் அளவை மட்டுமே பார்க்கிறது என்பது என் கருத்து. உணர்ச்சி எங்கே தங்குகிறது, பாடுகிறவனின் குரலிலா, பாடப்படும் பொருளிலா என்று கேட்டால்தான் இந்த மரபின் வெற்றியும் தோல்வியும் பிரிந்து தெரியும்.

இந்தக் கேள்விக்கு ஆங்கிலக் கற்பனாவாதக் கவிதையில் தெளிவான சான்று உண்டு. அதுவும் வானம்பாடியைப் பற்றியதே. ஷெல்லி 1820-இல் அந்தப் பறவையைப் பாடினார். கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் பாடும் அதை மின்மினி என்கிறார், ரோஜா என்கிறார், மாடத்துப் பெண் என்கிறார், சிந்தனை ஒளியில் மறைந்த கவிஞன் என்கிறார். உவமைமேல் உவமை அடுக்கியும் தீராத தவிப்பு அது. கடைசியில் அந்தப் பறவையின் மகிழ்ச்சியில் பாதியைக் கற்றுக்கொண்டால் உலகம் தனக்குச் செவிகொடுக்கும் என்று ஏங்குகிறார். வேர்ட்ஸ்வொர்த் 1825-இல் அதே பறவையை ஒரு சிறு கவிதையில் பாடினார். அவருக்கு அது எவ்வளவு உயரப் பறந்தாலும் தரையில் கூடு கட்டிய பறவை. பாடும்போதும் கூட்டை மறவாதது. ஷெல்லியில் உணர்ச்சி ஏங்கும் குரலில் இருக்கிறது, வேர்ட்ஸ்வொர்த்தில் கூட்டில் இருக்கிறது. பாரதி தமக்கு ‘ஷெல்லிதாசன்’ என்று புனைபெயர் சூட்டிக்கொண்ட நாளிலிருந்து நம் கவிஞர்களை முதலாவது வழியே மிகுதியும் ஈர்த்துவந்திருக்கிறது.

மு. மேத்தா அந்த வழியில் வந்தவர். ‘கண்ணீர்ப் பூக்கள்’ 1974-இல் வந்து, புதுக்கவிதையை எட்டிப் பார்க்காத கல்லூரி மாணவர்களையும் கவிதைப் பக்கம் இழுத்தது. விளித்துப் பேசுவது, முரணை எதிரெதிரே நிறுத்துவது, உருவகத்தைச் சங்கிலியாகத் தொடுப்பது ஆகிய மூன்றும் அவர் கருவிகள். காந்தியை நோக்கிப் பாடிய ‘தேசப் பிதாவுக்கு ஒரு தெருப்பாடகனின் அஞ்சலி’யில் இந்த மூன்றும் ஒன்றுகூடிப் பலிக்கின்றன. கேட்கிறவர் மனத்தில் காந்தி ஏற்கெனவே இருக்கிறார். கவிஞரின் ஆற்றாமை போய் ஊன்றிக்கொள்ள ஓர் ஆள் கிடைத்துவிடுகிறார். தனிமனிதத் துயரைப் பாடும் இடங்களில் அந்த ஊன்றுகோல் இல்லை. ஓர் உருவகம் நெஞ்சில் பதியும் முன்பே அடுத்தது வந்து அதைத் தள்ளிவிடுகிறது. யாருடைய துயர், எந்த ஊரில், எதனால் என்பது மங்கி, துயரப்படும் குரல் மட்டும் மிஞ்சுகிறது.

மேடைக்குரிய கவிதையை ஏட்டில் வைத்து எடைபோடுவது முறையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தொல்காப்பியத்து மெய்ப்பாடுகளை உரையாசிரியர்களே கூத்தோடு சேர்த்துத்தான் விளக்குகிறார்கள். கொங்கு நாட்டுக்கும் இது புதிதல்ல. உடுக்கையடித்து அண்ணன்மார் கதை பாடுகிறவர் பொன்னர் சங்கர் மடியும் இடத்தில் அடக்கி வாசிப்பதில்லை, கேட்கும் ஊரும் அழாமல் இருப்பதில்லை. அந்தக் கதையை நூலாகப் பதிப்பித்த சக்திக்கனல் வானம்பாடிகளில் ஒருவர் என்பதையும் நினைக்க வேண்டும். ஆகவே உரத்த உணர்ச்சி குற்றமாகாது. ஆனால் தொல்காப்பியம் அழுகை என்று பெயர் சொல்லி நின்றுவிடவில்லை. இளிவு, இழவு, அசைவு, வறுமை என்று அது பிறக்கும் நிலைக்களன் நான்கையும் கேட்கிறது. வெகுளிக்கும் அப்படியே உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. களன் இல்லாத கண்ணீரை அந்த இலக்கணம் அறியாது. உடுக்கைப் பாட்டில் ஊர் அழுவதும் பெற்றோரான குன்னுடையான், தாமரை முதலாக அந்தக் குடும்பத்தின் கதை முழுவதையும் கேட்ட பிறகுதான்.

சிற்பியை இந்த அளவுகோலால் பார்த்தால் அவருக்குள்ளேயே இரண்டு கவிஞர்கள் தென்படுகிறார்கள். ‘நிலவுப் பூ’வில் (1963) மரபு யாப்பில் தொடங்கியவர், ‘ஒளிப்பறவை’, ‘சர்ப்ப யாகம்’ காலத்தில் இயக்கத்தின் உரத்த குரலையே தாமும் கொண்டார். ‘ஒரு கிராமத்து நதி’ (1998) வேறு நிலம். பொள்ளாச்சியை அடுத்த ஆத்துப்பொள்ளாச்சியில் 1936-இல் பிறந்து, ஆழியாற்றங்கரையில் வளர்ந்தவர் அவர். 1962-இல் அணை எழும்பியபின் மதகின் கணக்குக்குள் வந்த ஆற்றை அதற்கு முன்பே அறிந்தவர். அந்த நூலில் கவிஞர் தம் நெஞ்சை முன்னே நிறுத்துவதில்லை. ஆற்றையும் அதன் கரை மனிதரையும் நிறுத்துகிறார். முதற்பொருளும் கருப்பொருளும் ஊன்றியபின் உரிப்பொருள் தானே எழும் என்ற சங்க அகப்பாட்டின் முறை இது. சாகித்திய அகாதெமி 2003-இல் அந்த நூலுக்கு விருது தந்தது. விருது இல்லாவிட்டாலும் வானம்பாடி மரபு எட்டிய உயரங்களில் ஒன்றாக அதையே சொல்வேன்.

இது போராட்டத்தை விட்டுப் பழைய ஊருக்குள் ஒதுங்குவதுதானே என்று இடதுசாரி நண்பர்கள் கேட்பார்கள். 1968-இல் கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட கொதிப்பு ஆறாத காலத்தில் பிறந்த இயக்கம் ஆற்றங்கரை நினைவில் முடியலாமா? வெகுளியின் களன்களில் ஒன்றாகத் தொல்காப்பியம் சொன்ன குடிகோள் என்பது ஒரு குடிக்குக் கேடு சூழ்வது. அந்தக் குடி எப்படி வாழ்ந்தது, எதை உண்டது, யாரை அஞ்சியது என்று காட்டாத சினக் கவிதை அழிந்தவர்களைத் தொகையாக மட்டுமே விட்டுவைக்கிறது. கரை மனிதரை ஒவ்வொருவராக நிறுத்தும் எழுத்து அந்தச் சினத்துக்கு வேண்டிய அடித்தளம். எழுபதுகளின் முழக்கக் கவிதைகள் பலவற்றில் அது இல்லை. ‘கண்ணீர்ப் பூக்கள்’ வந்தபோது மேத்தாவுக்கு முப்பது வயது ஆகவில்லை, நதியை எழுதிய சிற்பி அறுபதைக் கடந்தவர், இந்த ஒப்பீடே தவறு என்பது இன்னொரு மறுப்பு. ஷெல்லியும் முப்பதுக்கு முன்புதான், வேர்ட்ஸ்வொர்த்தும் ஐம்பதைக் கடந்தபின்தான் வானம்பாடியைப் பாடினார்கள். ஆனால் 1819-இல் கீட்ஸ் இலையுதிர்காலத்தைப் பாடியபோது அவருக்கு வயது 23. கனிந்த பழத்திலும் அறுத்த வயலிலும் ஏறியிருக்கும் அந்தத் துயருக்கு முதுமை தேவைப்படவில்லை. வானம்பாடிகளின் கவிதைகளைத் திரட்டி 1973-இல் வந்த ‘வெளிச்சங்கள்’ தொகுப்பை நிலைக்களன் எது என்ற கேள்வியோடு மறுபடி படித்துத் தேர்ந்தால் புத்தகம் பாதியாக மெலியலாம். மிஞ்சும் பாதியை ‘எழுத்து’ப் பள்ளியின் ‘புதுக்குரல்கள்’ தொகுப்புக்கு இணையாக வைத்துப் பேச எந்தக் கோவைக்காரரும் தயங்க வேண்டியதில்லை.