எருமை நாக்கைப் பார்ப்பது எப்படி?

தாமிரபரணி புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் முகத்துவாரத்துக்குத் தெற்கே, காயல்பட்டினத்துக் கொம்புத்துறையிலும் சிங்கித்துறையிலும் படகுகள் கரையேறி, சீலாவும் பாறையும் விலைபேசப்படுகிற சந்தடியின் நடுவே, தட்டையாய், சேற்று நிறமாய், முழம் நீளத்துக்கு ஒரு மீன் வலையில் கிடக்கக் காண்பீர்களானால், அதன் அருகே சிறிது நேரம் நிற்க வேண்டுகிறேன். எருமை நாக்கு என்பது அதன் பெயர்.

அதை வெட்டச் சொல்லுமுன் கண்களைப் பாருங்கள். சிறிய நாக்கு மீனுக்கு இரண்டு கண்களும் இடப்பக்கத்திலேயே நெருங்கி அமைந்திருக்க, இதற்கோ ஒரு கண் தலையின் உச்சி விளிம்பிலேயே, மறுபுறம் போய்ச் சேராமல் பாதிவழியில் தங்கிவிட்டாற்போல் நிற்கும். முட்டையாய் மிதந்து, குஞ்சாகி, ஏனைய மீன்களைப் போலவே பக்கத்துக்கொரு கண்ணோடு நிமிர்ந்து நீந்திய இந்த ஜீவன், ஒரு பருவத்தில் தன் மண்டையோடே திருகிக்கொள்ள, ஒரு கண் இடம்பெயர, மணலும் சேறுமான கடலடியில் ஒருக்களித்துப் படுத்து வாழத் தலைப்படுகிறது. பெயர்வது வலக்கண்ணா இடக்கண்ணா என்ற நியதிகூட இதற்கு இல்லை. இரண்டு விதமும் வலையில் வரும். இதனாலும், முதுகுத் துடுப்பின் முன்புறத்தில் இன்னும் எஞ்சியிருக்கிற முட்களாலும், தட்டை மீன் குலத்தின் மிகப் புராதனமான கிளை இதுவென்று மீனியல் அறிஞர் கொள்கிறார்கள். சில வேளைகளில் இது நிமிர்ந்தே நீந்துவதும் உண்டாம். படுக்கக் கற்ற பின்னும் நின்ற காலத்தை மறவாத இந்த ஒரு குணத்துக்காகவே நான் இதை மற்றெல்லாத் தட்டை மீன்களுக்கும் மேலாக வைப்பேன்.

வாயையும் திறந்து பாருங்கள். பெரிய வாய், கூரிய பற்கள். இரவில் சிறு மீன்களை வேட்டையாடும் பிராணிக்கு உரியவை.

வட அட்லாண்டிக்கில் ஆளுயரத்தையும் கடந்து வளரும் ஹாலிபட் என்னும் தட்டை மீனுக்கு முன் இரண்டடி வளரும் நம்முடையது சிறியதுதான். ஆயினும் பெயரில் இதற்கு ஒரு பெருமை உண்டு. 1801-ஆம் ஆண்டில், தரங்கம்பாடியில் கிடைத்த மீனைக் கொண்டு, பிளாக், ஷ்னைடர் என்னும் ஜெர்மானிய அறிஞர்களின் நூல் இதற்கு வழங்கிய சாஸ்திரப் பெயர், நம் கரையோர மக்களின் வாய்ச்சொல்லாகிய ‘எருமெய்’ என்பதே. செங்கடல் முதல் ஜப்பான் வரை எந்தக் கரையில் இது பிடிபட்டாலும், அறிஞர்கள் இதை அந்தத் தமிழ்ச் சொல்லாலேயே குறிக்கிறார்கள்.