வெளிச்சத்தில் வளரும் அச்சம்

திகில் படம் என்றதும் இருட்டு, மழை, கதவு கிறீச்சிடும் ஓசை எல்லாம் நினைவுக்கு வரும். மார்க் ரோமனெக் எழுதி இயக்கி 2002இல் வெளியான ‘ஒன் அவர் ஃபோட்டோ’ இவற்றின் தயவை நாடாத படம். பளிச்சென்று துடைத்த தரையும் குழல்விளக்கின் வெள்ளை ஒளியும் நிறைந்த ஓர் அமெரிக்கப் பல்பொருள் அங்காடியில், பட்டப்பகலில் அது நம்மை நடுங்க வைக்கிறது.

அந்த அங்காடியின் ஃபோட்டோ பிரிவில் வேலை பார்ப்பவர் சை பாரிஷ். ரோலைக் கழுவி பிரிண்ட் போட்டுக் கொடுத்த காலம் அது. பிறந்தநாள், சுற்றுலா, குழந்தையின் முதல் நடை என்று ஊராரின் மகிழ்ச்சியெல்லாம் இவர் கைவழியே போகிறது. இவருக்கென்று யாருமில்லை. நீனா யார்கின் என்ற வாடிக்கையாளரின் குடும்பப் படங்களில் ஒவ்வொன்றையும் ரகசியமாக இன்னொரு பிரிண்ட் போட்டு எடுத்துக்கொள்கிறார். தம் வீட்டுச் சுவர் முழுக்க அந்தக் குடும்பம். அந்த வீட்டுக்குத் தாமும் ஒரு மாமா என்று மனத்துக்குள் வாழ்கிறார்.

இந்த மனநிலையை ரோமனெக்கும் ஒளிப்பதிவாளர் ஜெஃப் குரோனன்வெத்தும் நிறத்தாலேயே சொல்லிவிடுகிறார்கள். யார்கின் வீட்டில் இளஞ்சூடான வண்ணங்கள். சையின் அறையில் நிறமே வற்றிப் போயிருக்கிறது. கடையின் வெண்மையோ மருத்துவமனையை நினைவூட்டும் குளிர்ச்சி கொண்டது. அந்த வெண்மைக்குள் சையின் வெளிர்ந்த தலைமுடியும் சீருடையும் கரைந்துபோகின்றன. ஒரு கனவில், பொருளே இல்லாத வெற்று அலமாரிகளுக்கு நடுவே அவர் நிற்கிறார். அவர் மனம் எவ்வளவு காலியாகிவிட்டது என்பதற்கு அதற்குமேல் வசனம் எதற்கு?

சையாக வரும் ராபின் வில்லியம்ஸின் நடிப்பே இந்தப் படத்தின் உயிர். ‘அலாதீன்’ படத்தின் பூதத்துக்குக் குரல் கொடுத்து, ‘மிஸஸ் டவுட்ஃபயர்’ படத்தில் கூத்தடித்துச் சிரிக்க வைத்தவர் அவர். வேகமும் குரல் விளையாட்டும் அவருடைய பெரும் செல்வங்கள். இதில் இரண்டையும் பூட்டி வைத்துவிட்டார். தணிந்த குரல், அளந்த சிரிப்பு, ஒட்டிய கைகள். நீனாவிடம் பேசும்போது வாடிக்கையாளரை உபசரிக்கும் பணிவு ஒரு நொடி கூடுதலாக நீள்கிறது. அந்த ஒரு நொடியில்தான் நமக்கு வயிற்றைப் பிசைகிறது. சந்தையில் விலைக்கு வாங்கிய முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் பழைய படத்தைக் காட்டி, தன் தாய் என்று சொல்கிறார். கேட்கும் நமக்கு அருவருப்பும் இரக்கமும் ஒன்றாக வருகின்றன.

சை தனியாள் என்பது யார்கின் வீட்டில் உண்மையாக உறைப்பது நீனாவின் மகன், சிறுவன் ஜேக்குக்குத்தான். இரவில் படுக்கையில் கிடந்தபடி, அவருக்காக வருத்தமாக இருக்கிறது என்று தாயிடம் சொல்கிறான். பெரியவர்களுக்கு அவர் பிரிண்ட் கொடுக்கும் ஆள், அவ்வளவே.

ஆல்பத்தில் சிரிப்பவர்கள் வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்பது சைக்குத் தெரியாது. நீனாவின் கணவனின் இன்னொரு உறவு, கடைக்குக் கழுவ வந்த வேறொரு ரோலிலேயே வெளிப்படும்போது, அவர் பூசித்த குடும்பம் நொறுங்குகிறது. ஏக்கம் தண்டிக்கும் வெறியாக மாறுகிறது. அதன்பின் அவர் செய்யும் கொடுமைகளைப் படம் நியாயப்படுத்தவில்லை. அவரை அரக்கன் என்று ஒதுக்கவும் இல்லை. அந்த வெறிக்கு அடியில் கிடக்கும் பழைய காயத்தை இறுதியில் சில சொற்களில் மட்டும் தொட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறது.

தனிமையைக் காட்டிக் கண்ணீர் வரவழைக்கும் படங்கள் நிறைய உண்டு, வெறியைக் காட்டி மிரட்டும் படங்களும் உண்டு. ஒன்று இன்னொன்றாகத் திரிவதை இத்தனை அடக்கத்தோடு காட்டிய படங்கள் குறைவு. வில்லியம்ஸைச் சிரிக்க வைத்தவராக மட்டும் அறிந்தவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும். அவருடைய ஆகச் சிறந்த நடிப்புகளில் இது ஒன்று.