8259-க்கு கர்னலுக்குள் என்ன வேலை?

நெட்வொர்க் கார்டுக்கு பாக்கெட் வந்தால், "ஐயா, உங்களுக்கு வேலை வந்திருக்கு" என்று சிபியுவைத் தட்டுவது இன்டரப்ட் கன்ட்ரோலர். விர்ச்சுவல் மெஷினில் அந்தச் சிப் கிடையாது. அதைப்போல நடிக்கும் மென்பொருள்தான் உண்டு. அந்த மென்பொருள் எங்கே ஓட வேண்டும்? லினக்ஸின் கேவிஎம் இதற்குச் சொன்ன பதில் பாதிதான் சரி என்பது என் கட்சி.

எக்ஸ்86இல் மூணு பேர் இருக்கிறார்கள். 1981ஆம் ஆண்டு ஐபிஎம் பிசியிலேயே இருந்த 8259. சாதனங்களின் கம்பிகளை வாங்கிக்கொள்ளும் ஐஓ-ஏபிக். ஒவ்வொரு சிபியுவுக்கும் தனித்தனியாக இருக்கும் லோக்கல் ஏபிக்.

2007இல் கேவிஎம் லினக்ஸில் சேர்ந்தபோது மூணுமே கியூஎமு என்ற சாதாரண ப்ராசஸில் ஓடின. கெஸ்ட் ஒவ்வொரு முறை "இந்த இன்டரப்ட் முடிந்தது" (ஈஓஐ) என்று எழுதும்போதும் கர்னலுக்கு வந்து, அங்கிருந்து கியூஎமுவுக்குப் போய், திரும்ப வேண்டும். தாங்குமா? அதனால் 2.6.24 கர்னலில் மூணையும் உள்ளே கொண்டுவந்தார்கள். வேகம் கிடைத்தது.

என் புகார் அந்த 'மூணையும்' மீதுதான். லோக்கல் ஏபிக்கை கெஸ்ட் ஓயாமல் தொடுகிறது: டைமர், ஈஓஐ, சிபியுக்களுக்கு இடையிலான செய்திகள். இன்றைய கெஸ்ட் 8259-ஐ பூட் ஆனதும் வாயை மூடி உட்கார வைத்துவிடும். இரண்டுக்கும் ஒரே சலுகை எதற்கு?

சலுகைக்கு விலை உண்டு. கியூஎமுவில் ஓட்டை என்றால் முதலில் சிக்குவது ஒரு ப்ராசஸ். கர்னலில் என்றால் மொத்த ஹோஸ்ட். சிவிஇ-2013-1798 இதற்குச் சாட்சி: ஐஓ-ஏபிக்கின் ரெஜிஸ்டர் எண்ணைச் சரியாகச் சோதிக்காததால், கெஸ்ட் ஹோஸ்ட்டின் மெமரியைப் படிக்க வழி இருந்தது. அதே ஆண்டில் லோக்கல் ஏபிக்கிலும் ஒரு ஓட்டை (சிவிஇ-2013-6367) வெளிவந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆபத்தை ஏற்க வேகம் என்ற காரணமாவது இருக்கு.

4.4 கர்னலில் இதற்கு மருந்து வந்தது: 'ஸ்ப்ளிட் இர்க்சிப்'. லோக்கல் ஏபிக் மட்டும் உள்ளே, மற்ற இரண்டும் வெளியே. 2019இல் கியூஎமு 4.0, க்யூ35 மெஷினுக்கு இதையே டீஃபால்ட்டாக வைத்தது. அங்கதான் இடித்தது.

நிஜ பிசிஐ கார்டை நேரடியாக கெஸ்ட்டுக்குக் கொடுக்கும்போது பழைய ஐஎன்டிஎக்ஸ் இன்டரப்ட் கையைத் தூக்கியபடியே நிற்கும் மாணவன் மாதிரி. வாத்தியார் கவனிக்கும்வரை இறக்க மாட்டான். அதனால் ஹோஸ்ட் அந்த லைனை அடைத்துவைத்து, கெஸ்ட்டின் ஈஓஐ வந்தபிறகுதான் திறக்கும். திறக்கச் சொல்லும் வழி கர்னலுக்குள் இருக்கும் ஐஓ-ஏபிக்கை நம்பி இருந்தது. அது வெளியே போனதும் ஈஓஐ போய்ச் சேரவில்லை. லைன் அடைத்தபடியே நின்றது. சில மாதங்களில் டீஃபால்ட்டைப் பழையபடி மாற்றினார்கள்.

மாற்றியதைக் குறை சொல்ல மாட்டேன். ஓடுகிற மெஷினை நிறுத்துவது தப்பு. ஆனால் 2020இல் அந்த ஈஓஐ சிக்கலைக் கியூஎமுவிலேயே சரிசெய்துவிட்டார்கள். டீஃபால்ட் மட்டும் திரும்பவில்லை. பெரும்பாலான கெஸ்ட்டுகள் இன்று விர்ட்ஐஓ சாதனங்களோடு எம்எஸ்ஐ-எக்ஸ் வழியாகவே பேசுகின்றன. அந்தச் செய்தி ஐஓ-ஏபிக்கைத் தொடாமல் நேரே லோக்கல் ஏபிக்குக்குப் போகிறது. ஆக, வெளியே வைத்தால் அவர்களுக்கு நஷ்டம் அனேகமாக இல்லை. உள்ளே வைத்தால் ஆபத்து மட்டும் மிச்சம்.

ஐஎன்டிஎக்ஸ் பாஸ்த்ரூவோ பழங்கால கெஸ்ட்டோ உங்களிடம் இல்லையென்றால், 'கர்னல்-இர்க்சிப்' அமைப்பை 'ஸ்ப்ளிட்' என்று வைத்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். கம்பி எண்ணிக்கையே பதினைந்தைத் தாண்டாத காலத்துச் சிப்புக்கு, உங்கள் ஹோஸ்ட்டின் ரிங்-0 சாவியைக் கொடுத்து வைக்க வேண்டிய அவசியம் இல்லை.