வாடகை நூலகத்தில் நுண்ணோக்கி

லண்டனில் 1842இல் சார்லஸ் எட்வர்ட் மியூடி புத்தகங்களை வாடகைக்கு விடத் தொடங்கினார். ஆண்டுச் சந்தா ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். அதைக் கட்டியவர் ஒரு நேரத்துக்கு ஒரு தொகுதி என்று ஆண்டு முழுக்க மாற்றி மாற்றிப் படிக்கலாம். மூன்று தொகுதிகளாக வரும் புது நாவலை விலைக்கு வாங்குவதென்றால் 31 ஷில்லிங் 6 பென்ஸ் வேண்டும். இலக்கிய வரலாறுகள் மியூடியைப் பெரும்பாலும் நாவலோடு சேர்த்தே பேசுகின்றன. ஆனால் 1853 முதல் 1862 வரை அவர் வாங்கிய ஏறத்தாழ 9,60,000 பிரதிகளில் நாவல்கள் பாதிக்கும் குறைவு. 1859இல் டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' அச்சான 1,250 பிரதிகளில் 500 அவர் நூலகத்துக்குத்தான் போயின. நாவல் அல்லாத அந்த மற்றப் பாதியில் இயற்கை நூல்களுக்கும் இடமிருந்தது. அவற்றுள் என்னை மிகவும் ஈர்ப்பவை நுண்ணோக்கி நூல்கள்.

அறிஞர்கள் கண்டதைச் சுருக்கிச் சொன்ன கைநூல்கள் என்று இவற்றை ஒதுக்கிவிடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. வாசகரை நாற்காலியிலிருந்து எழுப்பி, குளத்துக்கும் தோட்டத்துக்கும் அனுப்பிய நூல்கள் இவை. அப்படி அனுப்புவதற்கு முதலில் கருவி மலிய வேண்டியிருந்தது. ஜோசப் ஜாக்சன் லிஸ்டர் 1830இல் வெளியிட்ட ஆய்வு, வில்லைகளில் படரும் நிறக்கசிவையும் மங்கலையும் குறைக்க வழிகாட்டியது. கண்ணாடி மீதான வரி 1845இல் நீங்கியது. 1855இல் கலைச் சங்கம் மலிவான நுண்ணோக்கிக்குப் பரிசு அறிவித்தபோது, பர்மிங்ஹாமின் ஃபீல்டு நிறுவனம் மூன்று கினியில் மாணவர் கருவியைச் செய்து காட்டியது.

ஃபிலிப் ஹென்றி காஸ் 1859இல் எழுதிய 'நுண்ணோக்கியுடன் மாலைப்பொழுதுகள்' நூலின் முதல் அத்தியாயம் ரோமம், இறகு, செதில் பற்றியது. பழைய தேவாலயக் கதவு ஒன்றில் ஆணியடித்த தோல் துணுக்கு ஒட்டியிருந்தது. அது மனிதத் தோல்தானா என்ற கேள்வி ஒரு நுண்ணோக்கி நிபுணரிடம் வந்தது. அதில் எஞ்சியிருந்த நுண்ணிய ரோமங்களைப் பார்த்தே அவர் விடை சொன்னார். இந்தச் சம்பவத்தோடுதான் காஸ் நூலைத் தொடங்குகிறார். துப்பறியும் கதை படிக்கிற ஆவலை ஊட்டிவிட்டு, அடுத்து வாசகரையே ஒரு முடியை எடுத்து வில்லையின் கீழ் வைக்கச் சொல்கிற எழுத்து அது.

அயர்லாந்தின் மேரி வார்டு பற்றி இன்னும் விரிவாகப் பேச வேண்டும். சிறுமியாக இருந்தபோது அவர் பூதக்கண்ணாடி வழியே பூச்சிகளைப் பார்த்து வரைவதை வானியலாளர் ஜேம்ஸ் சவுத் கண்டார். அவர் சொல்லித்தான் பெற்றோர் நல்ல நுண்ணோக்கி வாங்கிக் கொடுத்தார்கள். கண்ணாடித் தகடு கிடைக்காதபோது மேரி தந்தச் சீவல்களில் மாதிரிகளைப் பதித்துக்கொண்டார். பட்டம் இல்லாத ஒரு பெண்ணின் நூலை எந்தப் பதிப்பாளரும் ஏற்கமாட்டார் என்று எண்ணி, 1857இல் தம் நுண்ணோக்கி நூலைத் தாமே 250 பிரதிகள் அச்சிட்டார். அவை விரைவில் தீர்ந்தன. மறு ஆண்டே லண்டனின் குரூம்பிரிட்ஜ் நிறுவனம் அதை வெளியிட்டது. 1880 வரை பல பதிப்புகள் வந்தன. படங்களும் அவர் வரைந்தவையே. தாம் கண்டதை மட்டுமே வரைந்தவரின் கை அவற்றில் தெரிகிறது. அதனால் காஸின் நூலைவிட இதையே நான் உயர்வாக மதிக்கிறேன்.

கினி கட்ட முடியாதவர்களுக்கு ரவுட்லெட்ஜ் பதிப்பகத்தின் ஒரு ஷில்லிங் நூல்கள் இருந்தன. பாதிரியார் ஜே. ஜி. வுட் 1858இல் எழுதிய நாட்டுப்புற இயற்கை நூல் ஒரே வாரத்தில் ஒரு லட்சம் பிரதிகள் விற்றதாகச் சொல்வார்கள். 1861இல் டஃபன் வெஸ்ட் வரைந்த படங்களோடு நுண்ணோக்கிக்கும் அவர் ஒரு நூல் தந்தார். ஜார்ஜ் ஹென்றி லூவிஸின் 'கடற்கரை ஆய்வுகள்' (1858) இலக்கிய வாசகருக்கு வேறொரு வகையில் முக்கியமானது. அதற்காக அவர் 1856இல் இல்ஃபிரகூம் கடற்கரையில் குட்டைகளைத் துழாவியபோது உடன் இருந்தவர் ஜார்ஜ் எலியட். அதே ஆண்டில்தான் எலியட் தம் முதல் கதையை எழுதத் தொடங்கினார்.

இந்த ஆர்வத்துக்குக் கடற்கரை கொடுத்த விலையையும் சொல்லியாக வேண்டும். பாறையோடு சேர்த்துக் கடற்சாமந்தியைப் பெயர்த்தெடுக்கச் சுத்தியலும் உளியும் கொண்டு போகும்படி காஸின் நூல்கள் கற்றுக்கொடுத்தன. படித்தவர்கள் கூட்டங்கூட்டமாக டெவன் கரைக்குப் போனார்கள். காஸின் மகன் எட்மண்ட் 1907இல் எழுதிய 'தந்தையும் மகனும்' நூலில், சேகரிப்பாளர்களின் படை அந்தக் குட்டைகளைச் சூறையாடிவிட்டதென்று வருந்துகிறார். தந்தையின் நூல்கள் அதற்குக் காரணமானதையும் மறைக்கவில்லை. இத்துறையை ஆராய வருபவர்கள் தந்தை 1853இல் வெளியிட்ட டெவன் கடற்கரை நூலையும் மகனின் நூலையும் ஒருசேரப் படிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.