சார்ட்டில் வரைந்த ஊர்
பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் வரைபடம் பார்த்து வழி சொல்லும் கேள்வி உண்டு. நோட்ஸில் வரும் படம் எந்த ஊரும் இல்லை. திருக்காட்டுப்பள்ளி வகுப்புக்கு ஒரு சார்ட்டும் நாலு ஸ்கெட்ச்சும் போதும்: நீலத்தில் குடமுருட்டி ஆறு, சிவப்பில் அக்னீஸ்வரர் கோயில், தெற்கே பூதலூர் சாலை, மேற்கே கல்லணை. தேர்வில் வேறு ஊர்தானே வரும் என்பார்கள். வரட்டும். பிள்ளைகள் தடுக்கி விழுவது ஊரில் அல்ல, சொல்வரிசையில். ‘கோயிலைத் தாண்டி’ என்று நாம் கோயிலை முன்னால் வைக்கிறோம். ஆங்கிலமோ ‘பாஸ்ட் தி டெம்பிள்’ என்று தாண்டிய பிறகுதான் கோயிலைக் காட்டும். வழி தெரிந்ததாக இருந்தால் கவனம் முழுக்க இந்தத் தலைகீழ் மாற்றத்தில் நிற்கும்.

100-க்கு 35 எடுக்க மனப்பாடமே போதாதா என்றால், மனப்பாட வழி, படத்தில் ஒரு கடை இடம் மாறினாலே ஆற்றில் இறங்கிவிடும்.