காசில் எண்ணும் கணக்கு

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் அம்மன் காசு சின்னச் செப்பு நாணயம். ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. அன்று அணாவுக்கு 20 காசு, ரூபாய்க்கு 320.

லினக்ஸின் பேஷ் ஷெல்லில் வட்டி போடும்போதெல்லாம் அந்தக் காசு நினைவுக்கு வருகிறது. பேஷுக்கு முழு எண்தான் தெரியும். பின்னத்தைச் சொல்லாமல் வெட்டிவிடும். 18,750 ரூபாய்க்கு மாதம் நூற்றுக்கு ஒன்றரை வட்டி கேட்டால் 281 என்கிறது; 25 பைசாவைக் காணோம். அசலைப் பைசாவாக்கி, 18,75,000-ஐ மூன்றால் பெருக்கி 200-ஆல் வகுத்தால் 28,125 வரும். அதை நூறால் வகுத்தால் ஈவு ரூபாய், மீதி பைசா. எவ்வளவு அழகு! 'பிசி' (bc) என்ற தனிக் கருவி தசமமும் போடும்தான். எனக்கு ஆகச் சிறிய காசில் எண்ணும் இந்த வழிதான் பிடித்திருக்கிறது.